ஆயிரம் படம் எடுத்தும் செடியைப் பார்க்கவில்லை

2023 டிசம்பர் கடைசியில் ஒரு நாள், கும்பகோணத்தில் இருக்கும் அத்தைக்கு எப்போதோ அனுப்பிய ஒரு செடிப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிவப்பு அக்லோனிமா. படத்தின் நடுவில் இலை பளபளவென்று இருந்தது. இடது ஓரத்தில், இலைக்காம்பு தண்டோடு சேரும் இடுக்கில், பஞ்சைப் பிய்த்து ஒட்டிய மாதிரி கடுகளவு வெள்ளை. மாவுப்பூச்சி. அந்தப் பூச்சியை நான் நேரில் கண்டுபிடித்தபோது அது மூன்று தொட்டிக்குப் பரவியிருந்தது, மூன்று செடியும் போய்விட்டன. ஆனால் அதற்கு முன்பே என் படத்தில் அது உட்கார்ந்திருக்கிறது. எத்தனை வாரத்துக்கு முன்பு என்று தெரிந்துகொள்ளப் பார்த்தேன், முடியவில்லை. நினைவு வந்தபோதெல்லாம் இருபது முப்பது படங்களாகச் சேர்த்து அத்தைக்கு அனுப்புவது என் வழக்கம். அதனால் அனுப்பிய தேதி இருந்தது, எடுத்த தேதி இல்லை. அன்றைக்கு எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஒன்றரை வருடம் தினமும் படம் எடுத்திருக்கிறேன், ஒரு செடிக்கு எப்போது உடம்பு சரியில்லாமல் போனது என்றுகூட என்னால் சொல்ல முடியவில்லை. வீட்டுச் செடிகளைப் படமெடுத்து வளர்ச்சியைப் பார்க்க நினைக்கும் யாராவது எனக்கு ஆன மாதிரி ஆகாமல் தப்பிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

2022 ஜூனில் வேளச்சேரியில் இரண்டாம் மாடியில் ஒரு வாடகை வீட்டுக்கு வந்தேன். தனியாக இருக்கிறேன், வேலையும் பாதி நாள் வீட்டிலிருந்துதான். வடக்குப் பார்த்த பால்கனி. வந்த வாரம் காலையில் கம்பி வழியாக வெயில் உள்ளே விழுந்ததைப் பார்த்ததும் செடி வைக்கலாம் என்று ஆசை வந்தது. ஈசிஆர் பக்கம் ஒரு நர்சரிக்குப் போய் ஒன்பது செடி வாங்கினேன், 3,650 ரூபாய். மான்ஸ்டெரா, ஸ்நேக் பிளான்ட், பீஸ் லில்லி, ரப்பர் செடி, இரண்டு அக்லோனிமா, அரிகா பாம், கலாத்தியா, ஜீஜீ பிளான்ட். அத்தை வீட்டிலிருந்து ஒடித்து வந்த மணி பிளான்ட் கொடியும் ஒன்று பாட்டில் தண்ணீரில் நின்றது. அன்று மாலையே முதல் படம் எடுத்தேன். ஒரு வருடம் கழித்து வரிசையாக ஓட்டிப் பார்த்தால் செடி கண்ணெதிரே வளரும் என்ற கற்பனை. பள்ளிக்கூடத்தில் ஜகதீஷ் சந்திர போஸின் கிரெஸ்கோகிராஃப் பற்றிப் படித்திருப்போமே, செடியின் அசைவைப் பத்தாயிரம் மடங்கு பெரிதாக்கிக் காட்டிய கருவி. வெறும் கண்ணுக்குத் தெரியாததைக் காட்ட அவ்வளவு பாடு. நம் கையில்தான் போன் இருக்கிறதே என்று நினைத்தேன்.

முதல் மாதமே பயந்துபோனேன். அரிகா பாம் ஓலை பழுத்தது, ரப்பர் செடி நான்கு இலையை உதிர்த்தது. தினமும் படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன், நேற்றைவிட இன்று மோசம். உடனே இடம் மாற்றுவேன், இரண்டு நாளில் மறுபடி மாற்றுவேன். நர்சரியில் கேட்டதற்கு அங்கிருந்த தம்பி, "அக்கா, இதெல்லாம் ஆந்திராவில் கடியத்திலிருந்து வர்ற செடி. அங்கே பச்சை வலைக்குக் கீழே இருந்துட்டு உங்க வீட்டுக்கு வருது. பழகுற வரைக்கும் இலை கொட்டும், ஒரே இடத்தில் விடுங்க" என்றான். விட்டிருக்கலாம். நான் உரமும் வாங்கிக்கொண்டு வந்தேன். ராஜமுந்திரிக்குப் பக்கத்தில் இருக்கும் கடியம்தான் தென்னிந்திய நர்சரிகள் பலவற்றுக்கும் செடி அனுப்பும் ஊர் என்பது அப்புறம்தான் எனக்குத் தெரிந்தது. புதிதாக வாங்கிய செடிக்கு முதல் ஆறு வாரம் படம் எடுத்து வையுங்கள், ஆனால் அதை வைத்து எந்த முடிவும் எடுக்காதீர்கள். அந்தச் சமயத்தில் படம் காட்டுவது இடம் மாறிய களைப்பை. வியாதி என்று நினைத்து வைத்தியம் பார்த்தால் செடிக்கு இன்னும் கஷ்டம்.

அடுத்தது, இதைவிடப் பெரிய ஏமாற்றம். செப்டம்பருக்கு மேல் மணி பிளான்ட் கிடுகிடுவென்று நீண்டது. வாரத்துக்கு அரை சாண். படத்தில் பார்க்கப் பார்க்க எனக்குப் பெருமை தாங்கவில்லை. 2023 பொங்கலுக்கு கும்பகோணம் போனபோது ஆகஸ்ட் படத்தையும் ஜனவரி படத்தையும் அத்தையிடம் காட்டினேன். அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "என்னடி, வளர்ந்திருக்குன்னு சொல்றே. இது கழுத்தை நீட்டிக்கிட்டு வெளிச்சம் தேடுது. கணுவுக்குக் கணு எவ்வளவு தூரம் பாரு. இலை சின்னதா போயிடுச்சே" என்றார். மறுபடி பார்த்தேன். ஆகஸ்ட் படத்தில் இரண்டு விரல் இடைவெளியில் ஒரு இலை, உள்ளங்கை அகலம். ஜனவரி படத்தில் ஒரு சாண் இடைவெளியில் ஒரு இலை, அதுவும் வெற்றிலைக் கொழுந்து அளவு. வெளிச்சம் போதாத செடி தண்டை நீட்டும், கணுவிடை அகலும், இலை சிறுக்கும். நான்கு மாதம் அது பட்ட கஷ்டத்தை நான் வளர்ச்சி என்று எண்ணிச் சந்தோஷப்பட்டிருக்கிறேன். உயரத்தை மட்டும் பார்ப்பவர்கள் எல்லோருக்கும் இது நடக்கும். படத்தில் பார்க்க வேண்டியது இரண்டு கணுவுக்கு நடுவே உள்ள தூரமும், புது இலை முந்தின இலையைவிடப் பெரிதா சிறிதா என்பதும்தான். மணி பிளான்ட், மான்ஸ்டெரா போன்ற செடியில் முழுதாக விரிந்து கெட்டிப்பட்ட இலை அதற்கு மேல் வளராது. செடி நன்றாக இருக்கிறதா என்பதைப் புதிதாக வரும் இலைதான் சொல்லும்.

ஸ்நேக் பிளான்டின் கதை வேறு. அது டிசம்பர் முதல் மார்ச் வரை ஒரே மாதிரி நின்றது. நூறு படத்துக்கு மேல் எடுத்தேன், ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் வித்தியாசம் கிடையாது. எதுவும் நடக்கவில்லையே என்ற பதற்றத்தில் தண்ணீரைக் கூட்டினேன், மண்புழு உரம் போட்டேன், அதற்கு மேலும் தண்ணீர். மார்ச் கடைசியில் ஒரு இலையைப் பிடித்துச் சாய்த்தேன், அடியோடு கையில் வந்துவிட்டது. அடிப்பகுதி மஞ்சள் கூழாக இருந்தது. சும்மா விட்டிருந்தால் இன்றைக்கும் இருந்திருக்கும். ஸ்நேக் பிளான்ட், ஜீஜீ போன்றவை மாதக்கணக்கில் எதுவும் செய்யாமல் மண்ணுக்கடியில் கிழங்கில் சேர்த்து வைத்துக்கொண்டிருக்கும். ஒரு நாள் திடீரென்று இரண்டு மூன்று குருத்து விடும். தினமும் படம் எடுக்கிறவருக்கு அந்த அமைதி தாங்காது, எதையாவது செய்யத் தோன்றும். எனக்கு அப்படித்தான் தோன்றியது. மெதுவாக வளரும் செடிக்கு மாதம் ஒரு படம் போதும், மற்றதற்கு வாரம் ஒன்று. தினமும் எடுப்பதை நான் விட்டே விட்டேன்.

நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கலாத்தியா இலைகள் சாயங்காலம் மேல்நோக்கி மடங்கும், காலையில் விரியும். பீஸ் லில்லி தண்ணீர் இல்லையென்றால் துணி மாதிரித் தொங்கிவிடும், ஊற்றினால் சில மணி நேரத்தில் எழுந்து நிற்கும். ஒரு நாள் காலை ஏழு மணிக்கும் அடுத்த நாள் இரவு எட்டு மணிக்கும் எடுத்தால் இரண்டும் வேறு வேறு செடி மாதிரி இருக்கும். நான் கலாத்தியாவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று ஒரு வாரம் தூங்காமல் இருந்திருக்கிறேன்.

2023 மத்தியில் படங்கள் அழகாக வரவில்லை என்று 1,850 ரூபாய்க்கு ரிங் லைட்டும் 1,200 ரூபாய்க்கு ஸ்டாண்டும் வாங்கினேன். செடி வளர்ச்சியைக் குறித்து வைக்க ஒரு செயலிக்கு வருடச் சந்தா 1,499 ரூபாய் கட்டினேன். பிறகு சந்தாவை நிறுத்தியபோது அதில் போட்டிருந்த படங்களை மொத்தமாக வெளியே எடுக்க வழியில்லை என்று தெரிந்தது, அதுவும் போனது. ரிங் லைட்தான் மான்ஸ்டெராவுக்கு எமனாக வந்தது என்று சொல்வேன். அதோடு என் போனில் செடியைக் காட்டினாலே மூலையில் ஒரு சின்ன இலைக் குறி வரும், பச்சை நிறம் தூக்கலாகிவிடும். அது அழகுக்காகப் போன் தானாகச் செய்வது. அக்டோபர், நவம்பர் முழுக்க மான்ஸ்டெரா படத்தில் பசேலென்று இருந்தது. நேரில் அதன் அடி இலைகள் மெல்ல வெளுத்துக்கொண்டிருந்தன. தினம் பார்க்கும் கண்ணுக்கு மெதுவாக நடக்கும் மாற்றம் பிடிபடுவதில்லை. பிடித்துக் கொடுக்கத்தான் படம். அந்தப் படமே பச்சை பூசிக் காட்டியது. மழைக்காலம், வெயில் இல்லை, மண் காயவில்லை, நான் வாரம் இரண்டு முறை ஊற்றிக்கொண்டிருந்தேன். நவம்பர் கடைசியில் தண்டு அடியில் கறுத்ததும் தொட்டியைக் கவிழ்த்தேன். சாக்கடை வாடை. வேரைப் பிடித்து மெல்ல இழுத்தால் மேல் தோல் உறையைப் போல வழுக்கிக் கழன்று வந்தது, உள்ளே நூல் மாதிரி ஒரு நரம்பு மட்டும் மிஞ்சியது. நல்ல வேர் வெள்ளையாக, கெட்டியாக இருக்கும். இதில் ஒன்றுகூட அப்படி இல்லை. மேலே ஒரு கணுவும் ஒரு விழுதும் நன்றாக இருந்த துண்டை மட்டும் வெட்டித் தண்ணீரில் வைத்தேன்.

அதற்கு ஒரு வாரத்தில் மிக்ஜாம் புயல். டிசம்பர் 3, 4 தேதிகளில் வேளச்சேரி என்ன ஆனது என்று எல்லோருக்கும் தெரியும். எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். கீழே நின்ற வண்டியைத் திண்ணை மேல் ஏற்ற இறங்கினேன், சட்டைப்பையில் இருந்த போன் தண்ணீருக்குள் விழுந்தது. துழாவி எடுக்கவே நெடுநேரம் ஆயிற்று. மின்சாரம் வந்தபின் ஒரு கடையில் கொடுத்தேன். உள்ளே இருப்பதை மீட்டுத் தருகிறோம் என்று 3,500 ரூபாய் முன்பணம் வாங்கினார்கள், பத்து நாள் கழித்து முடியவில்லை என்றார்கள், பணம் திரும்பி வரவில்லை. மின்னஞ்சல் கணக்கோடு இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபி எப்போதோ நிறைந்திருந்தது, தொல்லையாக இருக்கிறதென்று பேக்கப்பை நிறுத்தி வைத்திருந்தேன். 1,800 படத்துக்கு மேல் போயின. மிச்சம் அத்தையின் போனில் இருந்த இருநூற்றுச் சொச்சம், வாட்ஸ்அப்பில் போனதால் அளவு சுருங்கி, தேதியில்லாமல். அதில் ஒன்றில்தான் அந்த வெள்ளைப் புள்ளி.

கணக்குப் போட்டேன். செடிகளுக்கு மட்டும் மொத்தம் 11,400 ரூபாய், 23 செடி, அதில் 11 செத்தன. அதோடு விளக்கு, ஸ்டாண்டு, செயலி, போன் கடை எல்லாம் சேர்த்தால் மொத்தம் 19,449 ரூபாய். பணத்தைவிட என்னை உறுத்தியது, அந்த இருநூறு படத்தில் ஒன்றிலாவது மண் தெரியவில்லை, இலையின் அடிப்பக்கம் தெரியவில்லை. எல்லாமே அழகான பக்கம். வாடிய இலை இருந்தால் தொட்டியைத் திருப்பி வைத்துத்தான் எடுத்திருக்கிறேன். செடியின் அழகைப் படமெடுத்தேன், அதன் நிலைமையைப் படமெடுக்கவே இல்லை.

2024 ஜனவரி முதல் ஞாயிற்றுக்கிழமை மறுபடி ஆரம்பித்தேன். மிஞ்சியது 12 தொட்டி. இந்த முறை பெரிய செலவு ஒன்றும் இல்லை. ஹாலில் பால்கனிக் கதவுக்குப் பக்கத்துச் சுவரில் கடையில் வாங்கிய வெள்ளைச் சார்ட்டை ஒட்டினேன். தரையில் எலக்ட்ரீஷியன்கள் சுற்றும் கறுப்பு டேப்பால் ஒரு கூட்டல் குறி, அங்கேதான் தொட்டி வரும். நான்கடி தள்ளி இன்னொரு குறி, அங்கே ஒரு ஸ்டூல், அதன் மேல் பழைய ஸ்டாண்டில் போன். செடியின் பாதி உயரத்துக்குப் போன் இருக்க வேண்டும். மேலிருந்து எடுத்தால் எல்லாச் செடியும் அடர்த்தியாகத் தெரியும், அது பொய். ஒவ்வொரு தொட்டி விளிம்பிலும் நெயில் பாலிஷால் ஒரு புள்ளி வைத்தேன், அந்தப் புள்ளி எப்போதும் போனைப் பார்த்து நிற்கும். இந்த ஒரு புள்ளி இல்லாவிட்டால் மற்ற எல்லாம் வீண். தொட்டி கொஞ்சம் திரும்பினாலும் போன வாரம் இருந்த இலை காணாமல் போய், இல்லாத இலை வந்த மாதிரி இருக்கும். பக்கத்தில் ஒரு அடி ஸ்கேலை நிறுத்தி வைக்கிறேன். ஒரு துண்டுத் தாளில் செடியின் பெயர், தேதி எழுதிப் படத்துக்குள்ளேயே வைக்கிறேன். போன் மாறினாலும் யாருக்கு அனுப்பினாலும் அந்தத் தேதி எங்கேயும் போகாது.

காலை எட்டரை மணி, ஞாயிற்றுக்கிழமை. டியூப் லைட் அணைத்து, ஃபிளாஷ் அணைத்து, அந்த இலைக் குறி வசதியை அமைப்பில் போய் அணைத்து, சாதாரண லென்ஸில், ஜூம் இல்லாமல். பின்னால் இருக்கும் வெள்ளைச் சார்ட் நிறத்துக்கும் காவல். இரண்டு படத்தில் சார்ட் ஒரே வெள்ளையாக இருந்தால் இலையின் பச்சையை நம்பலாம், ஒன்றில் சார்ட் மஞ்சளாக இருந்தால் இலையின் மஞ்சளை நம்பக்கூடாது. ஒரு செடிக்கு மூன்று படம். முன்பக்கம் முழுதாக ஒன்று, மண் தெரிய மேலிருந்து ஒன்று, இலைக்கு அடியும் காம்பு இடுக்கும் தெரியக் கிட்டத்தில் ஒன்று. அழகாக இல்லாத மூன்றாவது படம்தான் அதிகம் உதவுகிறது. எடுக்கும் முன் இலையைத் துடைக்கக்கூடாது, காய்ந்ததைக் கிள்ளக்கூடாது. படம் எடுத்து முடித்த பிறகு சுத்தம் செய்துகொள்ளலாம். 12 செடிக்கும் சேர்த்து இருபத்தைந்து நிமிடம். வருடத்துக்கு ஏறக்குறைய 7 ஜிபி வருகிறது. மாத முதல் ஞாயிறு லேப்டாப்பில் ஒரு நகல், 64 ஜிபி பென்டிரைவில் இன்னொரு நகல். பென்டிரைவ் அலுவலக மேசை இழுப்பறையில் இருக்கிறது. வீட்டில் தண்ணீர் வந்தால் அங்கே இருக்கும்.

ஒரு நாற்பது பக்க நோட்டும் வைத்திருக்கிறேன். தண்ணீர் ஊற்றிய நாள், உரம், இடம் மாற்றியது, தொட்டி மாற்றியது. படம் என்ன ஆனது என்று சொல்லும், ஏன் ஆனது என்று சொல்லாது. நோட்டு இல்லாமல் நான் முன்பு பட்டதெல்லாம் போதும்.

முதலில் எனக்குப் புரிந்தது வெயில். படம் எடுக்கும்போதே பால்கனித் தரையையும் ஒன்று எடுத்து வைப்பேன், எந்த டைல்ஸ் வரை வெயில் விழுகிறது என்று. ஜனவரி, பிப்ரவரியில் ஒன்றுமே இல்லை. ஏப்ரலில் முதல் டைல்ஸ், மே கடைசியில் மூன்றாவது, ஜூனில் இன்னும் உள்ளே. ஜூலையில் குறைய ஆரம்பித்து, செப்டம்பர் கடைசியில் மறுபடி ஒன்றுமே இல்லை. சென்னையில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடு வரை உச்சி வேளையில் சூரியன் நம் தலைக்கு வடக்கே இருக்கிறது. மற்ற மாதங்களில் தெற்கே. வடக்குப் பால்கனிக்கு நேர் வெயில் அந்தச் சில மாதமும் அவற்றை ஒட்டியும்தான். நான் வீடு பார்க்க வந்தது ஜூன். அந்த வெயிலை நம்பி வருடம் முழுவதுக்குமான செடியை வாங்கினேன். மணி பிளான்ட் கழுத்தை நீட்டியதும், முந்தின மே மாதம் கம்பி ஓரத்தில் பீஸ் லில்லி காகிதம் மாதிரிக் கருகியதும் ஒரே காரணத்தால் வந்தவை. தட்சிணாயனம், உத்தராயணம் என்று நாள்காட்டியில் வருடா வருடம் பார்க்கிறோம், பால்கனிக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கிறது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. புது வீட்டில் செடி வாங்கும் முன் உங்கள் ஜன்னல் தரையை மாதம் ஒரு படம் எடுங்கள். திசை தெரிந்தால் மட்டும் போதாது, எந்த மாதம் எவ்வளவு தூரம் என்பதும் வேண்டும்.

ஜூலை இரண்டாவது ஞாயிறு மூன்றாவது படம் தன் வேலையைக் காட்டியது. மிஞ்சியிருந்த அக்லோனிமாவின் காம்பு இடுக்கில் ஒரு வெள்ளை. முந்தின வாரப் படத்தை எடுத்துப் பார்த்தேன், இல்லை. அப்படியானால் வந்து ஒரு வாரம்தான். செடியைத் தனியாகக் குளியலறைப் பக்கம் தூக்கிக்கொண்டு போனேன். மருந்துக் கடையில் கிடைக்கும் ஸ்பிரிட்டில் பஞ்சுக் குச்சியை நனைத்து ஒவ்வொரு இடுக்கிலும் ஒற்றி எடுத்தேன். தொட்டால் அந்தப் பஞ்சு கரைந்து உள்ளே இளஞ்சிவப்பாக ஒரு சின்னப் பூச்சி தெரியும், பார்க்கவே உடம்பு கூசும். அப்புறம் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், இரண்டு சொட்டு பாத்திர சோப்புத் திரவம் கலந்து வெயில் தாழ்ந்த பிறகு இலையின் இரண்டு பக்கமும் தெளித்தேன். வாரம் ஒரு முறை, நான்கு வாரம். ஆகஸ்ட் மூன்றாவது ஞாயிறு படத்தில் சுத்தம். முந்தின வருடம் மூன்று செடியை விழுங்கியது இந்த வருடம் ஒரு இலையோடு நின்றது.

மான்ஸ்டெரா துண்டு தண்ணீரில் வேர் விட்டு பிப்ரவரியில் தொட்டிக்கு வந்தது. அதன் புது இலைகளை மட்டும் தனியாக ஒரு வரிசையாக வைத்திருக்கிறேன், ஒவ்வொன்றும் முழுதாக விரிந்து மூன்று வாரம் கழித்து ஸ்கேலோடு எடுத்தது. மார்ச் இலை 14 சென்டிமீட்டர், மே இலை 18, ஜூலை இலை 23, அதில்தான் முதல் கீற்று, அதாவது இலையில் வரும் பிளவு, விழுந்தது. சின்ன இலையில் கீற்று வராது, செடி பலப்பட்ட பிறகுதான் வரும். அன்று நான் அந்தக் கீற்றை விரலால் தடவிக்கொண்டு நெடுநேரம் நின்றேன். அக்டோபரில் வந்த இலை 19 தான் இருந்தது. வேறு எந்த அறிகுறியும் இல்லை, பச்சை நன்றாக இருந்தது, மண் படத்தில் பூஞ்சை இல்லை, உப்புப் படிவு இல்லை. தரைப் படத்தைப் பார்த்தேன், வெயில் போய்விட்டிருந்தது. கிழக்கு ஜன்னல் இருக்கும் படுக்கையறைக்கு மாற்றினேன், தண்ணீரையும் பத்து நாளைக்கு ஒரு முறை என்று குறைத்தேன். டிசம்பர் இலை 24. பழைய வழக்கப்படி இருந்திருந்தால், இலை பழுத்து உதிரும் வரை எனக்குத் தெரிந்திருக்காது.

ஒப்பிடும்போது போன வாரப் படத்தோடு ஒப்பிடாதீர்கள், எதுவும் தெரியாது, மனசுதான் கெடும். நான்கு வாரம் முந்தினதோடு வைத்துப் பாருங்கள். மெதுவான செடிக்கு மூன்று மாதம் முந்தினது. பூச்சிக்கு மட்டும் போன வாரம். ஒரு ஞாயிறு விட்டுப்போனால் விட்டுப்போகட்டும். நான் ஊருக்குப் போன மூன்று வாரம் காலியாகத்தான் இருக்கிறது, வேறு நாளில் எடுத்து அதை நிரப்பவில்லை.

2025 ஜனவரியில் அத்தை வந்து பத்து நாள் இருந்தார். மணி பிளான்டின் ஒரு வருடப் படங்களை லேப்டாப்பில் ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினேன். கைக்குள் அடங்கும் கொடி ஸ்கேலைத் தாண்டி, சார்ட்டைத் தாண்டிப் போனது. கணுக்கள் நெருக்கமாக இருந்தன, அத்தை அதைத்தான் முதலில் பார்த்தார். நடுவில் ஒரு இடத்தில் "இரு, இரு" என்று என் கையைப் பிடித்து நிறுத்தினார். "இங்கேயிருந்து இலை சட்டுனு பெருசாகுதே. இந்த வாரம் என்னடி பண்ணினே?" நோட்டைப் புரட்டினேன். ஜூன் 9: எட்டு அங்குலத் தொட்டியிலிருந்து பத்து அங்குலத் தொட்டிக்கு மாற்றம், செம்மண் ஒரு பங்கு, தேங்காய் நார்க்கழிவு ஒரு பங்கு, மண்புழு உரம் அரைப் பங்கு.